பழைய டிவியும் வெள்ளிக்கிழமைச் சண்டையும்

1

"ஒங்க வீட்டு டிவி செவரு பூராவும் இருக்குமே, அப்படித்தான?" என்று இலங்கையில் என் ஊரான பசறையிலிருந்து ஒருத்தி போனில் கேட்டாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். இல்லை என்றேன். நம்பவில்லை. வெளிநாட்டுக்காரி வசதியை மறைக்கிறாள் என்று ஊருக்குள் சொல்லியிருப்பாள். சொல்லிக்கொள்ளட்டும்.

என் வீட்டு டிவி, எனக்கு முன்னால் இங்கே வாடகைக்கு இருந்தவர்கள் கழற்றச் சோம்பல்பட்டு விட்டுப்போனது. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு ஓடும். இங்கிலாந்துக்கு வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. வாங்க முடியாமல் இல்லை. வீட்டில் யாரும் டிவி பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் இங்குள்ள தமிழ்ச் சங்கத்துக்காரர் ஒருவர், விழா மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார். "பதுளைப் பக்கம் எல்லோ நீங்கள்? உங்கட ஊரின்ர அழகை எழுதுங்கோ அக்கா, தேயிலை, பனிப்புகார், ரயில் எல்லாம் வரட்டும்" என்றார். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகியது. அட்டை கடித்தது. ஒரு வரிசை வீடுகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடிக்க ஒரே பீலி. அழகை ரசிக்கச் சுற்றுலா வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

மலருக்கு எழுதாததை இங்கே எழுதுகிறேன். இது ஒரு கேம் பெட்டியைப் பற்றியது. பழைய கேம் பெட்டியை மாற்றிப் புதியது வாங்குவதா, நல்ல டிவி இல்லாத வீட்டில் அது எதற்கு என்று இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் நடந்த சண்டையைப் பற்றியது. பெட்டி மகனுக்கு அல்ல, எனக்கு. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

2

எனக்கு ஒரே ஒரு அண்ணன், பாலா. அவனும் நானும் பேசி ஆறு வருடங்கள் ஆகின்றன.

அப்பா செத்தபோது என்னுடைய விசாக் காகிதங்கள் இங்கே ஓர் அலுவலகத்தின் அடுக்குக்குள் கிடந்தன. வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவின் முகத்தைப் போனிலாவது காட்டு என்று அண்ணனிடம் கேட்டேன். வீடியோவைப் போட்டான். யாரோ ஒருவருடைய முதுகு தெரிந்தது. பிறகு கூரைத் தகரம் தெரிந்தது. அப்புறம் வைத்துவிட்டான். திரும்பத் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. சிக்னல் போய்விட்டது என்று மறுநாள் சொன்னான். மலைக்கு மலை கோபுரம் நட்டு வைத்திருக்கிறார்கள், சாவு வீட்டில் மட்டும் சிக்னல் போகுமா? நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவனும் சொன்னான். அத்தோடு முடிந்தது. தப்பு அவனுடையது. இதை எழுதும்போதும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

அண்ணன் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கேம் கடை வைத்திருக்கிறான். பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடிவிட்டுப் போவார்கள். கீழே ஒரு ஹாஜியாரின் புடவைக் கடை, மாடியில் இவன் கடை. மாடிப்படி ஹாஜியாரின் கடைக்குள்ளே இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது ஹாஜியார் முன் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவார். அவர் பள்ளிவாசலில் இருந்து திரும்பி வரும்வரை மாடியில் அண்ணன் தன்னந்தனியாக அடைபட்டுக் கிடப்பான். பையன்கள் வர முடியாது, இவனும் வெளியே போக முடியாது.

அந்த நேரம் எங்களுக்கு இங்கே காலை. வெள்ளிக்கிழமை எனக்கு வேலை கிடையாது. முன்பெல்லாம் அகில், என் மகன், தன் மாமாவின் கடைப் பையன்களோடு ஆன்லைனில் கிரிக்கெட் விளையாடுவான். ஒரு வெள்ளிக்கிழமை அவன் பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பிறகு பெட்டி அணையாமல் கிடந்தது. அணைக்கப் போன நேரத்தில் ஹெட்செட்டில் குரல் கேட்டது.

"என்னா, ஆடுறதா இல்லையா?"

அண்ணன் குரல். அகில் என்று நினைத்துக் கேட்டிருக்கிறான். நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பேசவில்லை. எந்தப் பொத்தான் எதற்கு என்றுகூடத் தெரியாமல் எதையோ அழுத்தினேன். என் பந்துவீச்சாளன் பந்தை வேறெங்கேயோ எறிந்தான்.

"தூ! சோத்தத்தான திங்கிற?" என்று அவனைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

இன்னொரு பந்து போனது. பிறகு மெதுவாக, தன்னுடைய பேட்ஸ்மேனைப் பார்த்துச் சொன்னான்.

"டேய் மொட்டையா, எதிர்ல நிக்கிறவளுக்கு வாய் மட்டும் இன்னும் கொறையலடா."

3

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. என் கணவருக்குப் பதினாறு வருடமாகியும் விளங்கவில்லை. லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். சண்டை போட்டுக்கொண்டு எங்கே போவது? பேச்சு நின்றுவிடும். ஆனால் பீலியில் தண்ணீர் வந்தால் சொல்லியாக வேண்டும், நாளைக்குக் கொழுந்து எடுக்க எந்த மலை என்று சொல்லியாக வேண்டும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கேட்டாக வேண்டும். அதற்குத்தான் ஜாடை.

எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவும் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டதில்லை. பீலியில் தண்ணீர் வந்தால் அம்மா வாசலில் நின்று கோழியைத் திட்டுவார். "ஏ மூதேவி, தண்ணி வந்து அரை மணி நேரமாச்சு, இன்னும் தூங்குறியே, குடத்த எவன் கொண்டாந்து வப்பான்?" உடனே பக்கத்து வீட்டில் குடம் உருளும் சத்தம் கேட்கும். சாயந்திரம் லெட்சுமி அக்கா தன் நாயைத் திட்டி அதற்குப் பதில் சொல்வார்.

ஜாடைக்கு ஒழுங்கு உண்டு. பெயர் சொல்லக் கூடாது. முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. கேள்வி கேட்டால் கோழியிடம் கேட்பது போலத்தான் கேட்க வேண்டும். பதில் உடனே வரக் கூடாது, கொஞ்சம் ஆறவிட்டுத்தான் வர வேண்டும். இதில் ஒன்றை மீறினாலும் நீதான் முதலில் இறங்கி வந்தாய் என்று ஆகிவிடும்.

ஆறு வருடமாக நானும் அண்ணனும் இப்படித்தான் வெள்ளிக்கிழமைகளில் திட்டிக்கொண்டிருக்கிறோம். நான் என் பந்துவீச்சாளனைத் திட்டுவேன், அவன் தன் மொட்டையனைத் திட்டுவான். பதில் வர ஒரு பந்தாவது போக வேண்டும். மழை விடவில்லை, மண் சரிந்து பசறைப் பாதை மூடிக்கிடக்கிறது, அண்ணிக்கு ஆபரேஷன் முடிந்தது, எல்லாம் எனக்கு மொட்டையன் வழியாகத்தான் தெரியும். அண்ணியும் புருஷன் பக்கம் நின்று என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் பந்தை அடிக்காமலே நின்றான். பிறகு சொன்னான்.

"டேய் மொட்டையா, எம் மவ பெரிய மனுஷி ஆயிட்டாடா. அத்தைன்னு ஒருத்தி இருந்திருந்தா மொதல் தண்ணிய அவ ஊத்தியிருப்பா. நமக்குத்தான் அந்தக் கொடுப்பின இல்லையே."

ஒரு பந்து போனது. இரண்டு பந்து போனது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "சனியன் புடிச்சவனே, எந்த நிறத்துல வேணும்னு தெரிஞ்சாத்தான குடுக்க முடியும்?" என்று பந்துவீச்சாளனைத் திட்டினேன். ஒரு ஓவரை முழுக்க ஆடி முடித்தான். பிறகு மொட்டையனுக்கு மாம்பழ மஞ்சள்தான் எடுப்பாக இருக்கும் என்றான். பண்டாரவளையில் இருக்கும் ஒரு சொந்தக்காரி மூலம் மாம்பழ மஞ்சளில் பட்டுச் சேலை போனது. யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. சடங்குப் படத்தில் அண்ணன் மகள் அதைத்தான் உடுத்தியிருந்தாள்.

4

இரண்டு மாதத்துக்கு முன்னால், அப்பாவின் திவசம் வந்த கிழமையில், அண்ணன் மொட்டையனிடம் ஒரு செய்தி சொன்னான்.

"ஒன் கதை முடிஞ்சுதுடா. கடைக்குப் புதுப் பெட்டி வருது. வர்ற பயலுக எல்லாம் அதத்தான் கேக்குறானுக. பழசையெல்லாம் தூக்கி பதுளு ஓயா ஆத்துல கடாசப் போறேன்."

நான் பந்து வீசுவதை நிறுத்தினேன். இந்தக் கிரிக்கெட்டின் புதிய பதிப்பு புதுப் பெட்டிக்கு மட்டும்தான் வருகிறது என்று அகில் முன்பே சொல்லியிருந்தான். பழைய பெட்டியில் இருப்பவர்கள் புதியதில் இருப்பவர்களோடு ஆட முடியாது. அதாவது, நான் பெட்டியை மாற்றாவிட்டால் வெள்ளிக்கிழமை இல்லை. அண்ணனும் இல்லை. நேராகக் கேட்கலாம் என்கிறீர்களா? ஆறு வருடமாக அவன் கேட்கவில்லை, நான் ஏன் கேட்க வேண்டும்?

வீட்டில் சொன்னேன். கணவர் குகன் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கு வாத்தியாரைப் போல ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பார்.

"உமக்கென்ன விசரே? உந்தப் புதுப் பெட்டி ஃபோர்கே டிவிக்கெண்டு செய்தது. இந்த டிவியில போட்டால் படம் இப்ப தெரியிற மாதிரித்தான் தெரியும். முதல்ல டிவியை மாத்துவம், பிறகு பெட்டியைப் பாப்பம்" என்றார்.

"எனக்குப் படம் வேணாங்க" என்றேன்.

"படம் வேண்டாமெண்டால் பிறகு என்னத்துக்குப் பெட்டி?"

இதற்கு நான் என்ன சொல்ல? நீங்களும் உங்கள் அக்காவும் சண்டை வந்தால் வக்கீல் கடிதம் போடுகிறவர்கள், கோழியைத் திட்டுவது உங்களுக்குத் தெரியாது என்றா சொல்ல முடியும்? ஒரு நாள் சொல்லியும்விட்டேன். மூன்று நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அகிலுக்குக் காரியமே வேறு. பெட்டி எப்படியும் வரப்போகிறது என்று தெரிந்ததும் பெரிய டிவிக்கு அடி போட்டான். "அம்மா, இந்த டிவியோட அதை வாங்கினால் என்ர ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பினம்" என்றான். பதினைந்து வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட தமிழ், அப்பா வீட்டுத் தமிழ். நான் 'அவுங்க' என்றால் 'அவை' என்று திருத்துவான். வெள்ளிக்கிழமை நான் கத்துவதைப் பற்றி ஒருமுறை கேட்டான்.

"நீங்கள் ஏன் அந்த பவுலரோட கதைக்கிறீங்கள்? அது கம்ப்யூட்டர், அதுக்குக் கேக்காது."

"ஒங்க மாமாவுக்குக் கேக்கும்."

"அப்ப மாமாவோடயே கதைக்கலாம்தானே?"

போய்ப் படி என்று துரத்திவிட்டேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் புகழ்கிறார்கள். ஒரு கோழிக்குப் புரிந்தது இவனுக்குப் புரியவில்லை.

இதற்கு நடுவில் தொலைக்காட்சி உரிமம் பார்க்கிற ஆள் வேறு வந்து நின்றார். இந்த நாட்டில் டிவியில் நேரடி நிகழ்ச்சி பார்த்தால் அதற்கு உரிமம் எடுக்க வேண்டும். நாங்கள் பார்ப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தும் சோதிக்க வந்திருந்தார். டிவியைக் கண்டதும், இதை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார். அண்ணனோடு சண்டை போடுவதற்கு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பேனாவை நிறுத்திவிட்டு, உங்கள் அண்ணன் இப்போது வீட்டில் இருக்கிறாரா, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்டார். இலங்கையில் இருக்கிறான் என்றேன். பச்சைக் கோட்டைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு எதையோ குறித்துக்கொண்டு போனார். ஆறு வருடத்தில், அண்ணன் உன்னை அடித்துவிட்டானா என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பெட்டி விலை கேட்கப் போன இடத்தில் இருந்த கடைக்காரப் பையன் மேல் இருக்கிறது. எந்த டிவி வைத்திருக்கிறீர்கள் என்றான். சொன்னேன். அப்படியானால் காசை வீணாக்காதீர்கள் அம்மா, மகனிடம் பிறந்தநாள்வரை பொறுக்கச் சொல்லுங்கள் என்றான். மகனுக்கு அல்ல, எனக்கு என்றேன். சிரித்தான். பக்கத்தில் நின்றவனையும் கூப்பிட்டுச் சிரிக்க வைத்தான். சேலை கட்டியவள் கிரிக்கெட் ஆடக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? அந்தக் கணத்தில்தான் வாங்குவது என்று முடிவு செய்தேன். எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்கக் கொண்டுபோயிருந்த பழைய பெட்டியை அங்கேயே கொடுத்துவிட்டு, புதியதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். டிவி வாங்கவில்லை. குகனுக்காகவும் வாங்கவில்லை, அந்தச் சிரிப்புக்காகவும் வாங்கவில்லை.

5

வியாழக்கிழமை பின்னேரம் அகில் பெட்டியை டிவியோடு பொருத்தித் தந்தான். பழைய கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லாததால் புதுப் பெயர் போட்டோம். மாமாவின் கடைப் பெயரைத் தேடினால் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை. குளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். புதுப் பெட்டி சத்தமே இல்லாமல் ஓடியது. திரையில் அதே பச்சைக் கோடு, அதே மங்கல். குகன் சொன்னது சரிதான், படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அண்ணனின் கடைப் பெயரைத் தேடினேன். வரவில்லை. எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டேன். வரவில்லை. ஹாஜியார் இந்நேரம் ஷட்டரை இறக்கியிருப்பார். கைகால் கழுவி ஒளூச் செய்து, தொழுகைக்குப் போய் நின்றிருப்பார். தேநீர் ஆறிப் போனது. அகில் பையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திப் போனான்.

தொழுகை முடியும் நேரம் தாண்டியது. எனக்குப் புரிந்துவிட்டது. பதுளு ஓயாவில் கடாசப் போவதாக அவன் சொன்னது பெட்டியை அல்ல, என்னை. ஒரு சாக்குக் கிடைத்ததும் என்னைக் கழற்றிவிட்டான், அன்றைக்குப் போனை வைத்தது போலவே. நான் ஒரு பைத்தியக்காரி, ஊர் சிரிக்க ஒரு பெட்டியை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஹெட்செட்டைக் கழற்றி எறிந்தேன். சத்தம் போட்டு அழுதேன். வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன், பந்துவீச்சாளனை அல்ல, பெயர் சொல்லி அவனையே திட்டினேன். கேட்க ஆள் இல்லாத வீட்டில் எதைச் சொன்னால் என்ன?

அப்போது போன் அடித்தது. இலங்கை எண். எடுத்தேன்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

அண்ணன்தான். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒன்னத்தான்டி கேக்குறேன், செவிடா? ஒரு மணி நேரமா கெடக்கேன். ஹாஜியாரு வந்து ஷட்டரயும் தெறந்துட்டாரு. உசுரோட இருக்கியா, இல்ல செத்துக்கித்துப் போயிட்டியான்னு நெனச்சேன்."

"நீதான் காணோம்! நான் புதுப் பெட்டியில ஒன்னத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போய் ஒக்காந்திருக்கேன்!"

"புதுப் பெட்டியா? நீ எதுக்குடி புதுப் பெட்டிக்குப் போன? நான் பழசுலல்ல இருக்கேன்!"

"நீதான பழசையெல்லாம் ஆத்துல கடாசப் போறேன்னு சொன்ன?"

"நான் மொட்டையன்கிட்டத்தான சொன்னேன்? ஒன்கிட்டயா சொன்னேன்?"

அவன் சொன்னதில் ஒரு ஜாடைக்காரி குறை காண முடியாது. ஆனாலும் நான் விடவில்லை. அவனும் விடவில்லை. கடைக்குப் புதுப் பெட்டிகள் வந்ததும் பழையவற்றை விற்றுவிட்டானாம், ஒன்றை மட்டும் வெள்ளிக்கிழமைக்கென்று எடுத்து மூலையில் வைத்திருந்தானாம். டிவி மங்கல், பந்து தெரியவில்லை என்று நான் பந்துவீச்சாளனைத் திட்டியதெல்லாம் அவனுக்கு நினைவிருந்திருக்கிறது.

"அந்த இத்துப்போன டிவிய வச்சுக்கிட்டு எவளாச்சும் புதுப் பெட்டி வாங்குவாளா? வாங்க மாட்டான்னுதான் நான் ஒரு பழச விக்காம வச்சேன். மடச்சி, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீ கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

அங்கிருந்து ஆறு வருடத்துக்கும் சேர்த்துச் சண்டை பிடித்தோம். அப்பாவின் முகத்தைக் காட்டாததற்கும் பிடித்தோம். சிக்னல் என்றான். பொய் என்றேன். அது இன்னும் முடியவில்லை, முடியும் என்றும் தோன்றவில்லை. மாடிப்படியில் பையன்கள் ஏறி வரும் சத்தம் எனக்கே கேட்டது. போங்கடா, அப்புறம் வாங்க என்று அவர்களைத் துரத்தினான். பிறகு குரல் இறங்கியது.

"சரி, அத விடு. நெசமாக் கேக்குறேன். நல்ல டிவி இல்லாம அத எதுக்குடி வாங்குன?"

கணவர் கேட்ட கேள்வி. மகன் கேட்டது, கடையில் கேட்டது. அவர்களுக்கெல்லாம் ஏதேதோ சொல்லிச் சமாளித்திருந்தேன். இவனிடம் சமாளிக்க வரவில்லை.

"நீ பேசுறதக் கேக்கத்தான், அண்ணே."

மூக்கை உறிஞ்சியது அவனா நானா என்று தெரியவில்லை.

"போதும் போதும், ஒப்பாரி வைக்காத" என்றான். "வர்ற வெள்ளிக்கிழம நான் புதுசுல வாறேன். ஒன் டிவில பந்து தெரியாது, நல்லா வாங்கிக் கட்டப் போற, பாரு."

அடுத்த வெள்ளிக்கிழமை படுதோல்வி அடைந்தேன். மொட்டையனை அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஆட்டம் முடியும்வரை திட்டியதெல்லாம் என்னைத்தான்.